பெயர் எழுதாத பதிவேடு: போர்க்காலச் செவிலியரும் மலாயாத் தோட்டத்துப் பெண்களும்

(திருமுடிவாக்கத்தில் ஆற்றிய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தச் சொற்பொழிவு யாருடைய நினைவாக நடக்கிறதோ அந்த அக்காவை உங்களில் பாதிப்பேருக்கு நேரில் தெரியும். மன்றத்தின் முதல் நூலகம் அவர் வீட்டுத் திண்ணையில் இருந்த ஒரு தகரப் பெட்டிதான். அவர் பார்த்த வேலை ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். அவர் காலமான பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்காக அவருடைய காகிதங்களைத் தேடியபோது நானும் கூட இருந்தேன். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட வேலை அது. பணிப்பதிவேட்டில் இருந்தவை: பெயர், சாதி, பிறந்த தேதி, சேர்ந்த தேதி, ஊதிய உயர்வுகள். அவரைப் பற்றி வாக்கியமாக எழுதப்பட்டிருந்தது ஒன்றே ஒன்று. ஒரு நாள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்ததற்கு எச்சரிக்கை.

இரவுப் பணியில் ஒரே ஒரு நர்ஸ் மட்டும் இருக்கிற வார்டில் படுக்கைப் புண்ணைத் துடைத்துக் கட்டியது யார், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்ட நோயாளியோடு ஆம்புலன்ஸில் குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனது யார், வழியிலேயே இறந்துபோனவரின் கண்ணை மூடிவிட்டது யார் என்பதற்கெல்லாம் அந்தப் பதிவேட்டில் பத்தி கிடையாது. பத்தி இல்லாததால் அந்த வேலையும் நடக்காததாகிவிட்டது.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி. காயம்பட்ட உடம்பைத் தொட்டு, துடைத்து, தூக்கி, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிற வேலை எப்போது ஆவணமாகிறது, எப்போது ஆகாமல் போகிறது? போர்க்காலத்தை வைத்து இதைத் தேடினேன். அரசாங்கங்கள் மிக அதிகமாக எழுதித் தள்ளுகிற காலம் போர்க்காலம்தான். எத்தனை துப்பாக்கி, எத்தனை மூட்டை அரிசி, எத்தனை கழுதை என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கும். அந்தக் கணக்கில் நம் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

ஓர் அட்டை

முதலில் நன்றாக எழுதப்பட்ட ஓர் ஆவணத்தைப் பார்ப்போம். முதல் உலகப் போரில் பிரிட்டனின் செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து தொண்டு செய்தவர்கள் 90,000-க்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலும் பெண்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை போட்டார்கள். பெயர், முகவரி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, ஊதியம், என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன விருது என்று அதில் பத்திகள் உண்டு. நர்ஸ், சமையல், மோட்டார் ஓட்டுநர் என்று செய்த வேலையைத் தனியாக எழுதினார்கள். நூறு வருடம் கழித்து அந்த அட்டைகளைப் படமெடுத்து இணையத்திலும் ஏற்றிவிட்டார்கள்.

துப்பறியும் கதை படிக்கிறவர்களுக்கு அகதா கிறிஸ்டியைத் தெரியும். அவருக்கும் ஓர் அட்டை இருக்கிறது. போர்க்காலத்தில் டார்க்கி ஊர் மருத்துவமனையில் நர்ஸாகவும் பிறகு மருந்தகத்திலும் வேலை செய்தார். செய்தது 3,400 மணி நேரம் என்று அந்த அட்டை சொல்கிறது. ஒரு பெண் செய்த பணிவிடையை மணிக்கணக்கில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஆம்புலன்ஸ் ஓட்டிய பெண்களுக்கும் இப்படியே. 1907-இல் பிரிட்டனில் தொடங்கிய ஒரு பெண்கள் முதலுதவிப் படை, 1916 முதல் பிரான்சில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு அதிகாரபூர்வமாக ஆம்புலன்ஸ் ஓட்டியது. இரவில் விளக்கில்லாமல், குண்டு விழுந்த பள்ளங்களுக்கு நடுவே ஓட்டினார்கள். அந்தத் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் எந்த வீட்டுப் பெண்ணுக்குக் கார் ஓட்டத் தெரிந்திருக்கும்? கார் வைத்திருந்த வீட்டுப் பெண்ணுக்கு. அவர்களுக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இருந்தது. வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள், அந்தக் கடிதங்களை எடுத்துவைக்க அலமாரி இருந்தது. அரசாங்கம் ஓர் அட்டை எழுதியது, குடும்பம் ஒரு பெட்டி நிறையக் காகிதத்தைக் காப்பாற்றியது. ஆவணக் காப்பகம் நிறைவது இந்த இரண்டு வழியிலும்தான்.

தூக்கியவர்கள்

மோட்டார் ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் காயம்பட்டவர்களை மனிதர்கள்தான் தூக்கினார்கள். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இதற்கென்றே டோலி தூக்கிகள் இருந்தார்கள். 1899-இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்தபோது காந்தி ஓர் இந்திய ஆம்புலன்ஸ் படை திரட்டியதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தப் படையில் ஏறத்தாழ 1,100 பேர். அதில் 800 பேர் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பகுதி சென்னையில் கப்பலேறியவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாளில் 20 மைலுக்கு மேல் ஸ்ட்ரெச்சரோடு நடந்த நாட்களும் உண்டு. போர்ப் பதக்கம் கிடைத்தது தலைவர்களாகக் கருதப்பட்டவர்களுக்கு. தூக்கிய தோள்களுக்குக் கிடைக்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஒப்பந்தக் கூலிகளைப் பற்றி ஆவணமே இல்லை என்று சொல்ல முடியாது. கப்பலேறும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எழுதினார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள அடையாளம். தழும்பு எங்கே இருக்கிறது என்றுகூட எழுதினார்கள். ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே! உழைப்புக்காக ஆளை எடுக்கும்போது உடம்பில் உள்ள தழும்பையும் விடாமல் எழுதிய கை, அதே ஆள் இன்னொருவரைக் காப்பாற்றியபோது பேனாவை மூடிவைத்துவிட்டது.

இன்னொரு மனிதரையும் சொல்ல வேண்டும். அவர் பெயர் சுக்கா. ஐக்கிய மாகாணத்தின் பரேலி நகரத்துக்காரர், துப்புரவுத் தொழிலாளர். முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக இங்கிலாந்தின் பிராக்கன்ஹர்ஸ்ட் கிராமத்தில் நடந்த லேடி ஹார்டிஞ்ச் மருத்துவமனையில் வேலை செய்தார். 1915 ஜனவரி 12 அன்று 30 வயதில் இறந்துபோனார். தீண்டப்படாதவர் என்பதால் இந்துக்கள் தகனம் செய்ய மறுத்தார்கள், முஸ்லிம்களின் இடுகாட்டிலும் இடம் கிடைக்கவில்லை, கடைசியில் அந்த ஊர்த் தேவாலயத்தின் குருவானவர் தம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய முன்வந்தார் என்று அந்த வரலாறு வழங்குகிறது. ஊர் மக்கள் சேர்ந்து கல் நட்டார்கள். அந்தக் கல்லில் அவர் பெயர், ஊர், வேலை, வயது எல்லாம் இருக்கிறது. நம் நாட்டுப் போர்க்கால மருத்துவமனைத் தொழிலாளி ஒருவரின் முழுமையான ஆவணம், அவரை எரிக்கவோ புதைக்கவோ நம்மவர்கள் மறுத்ததால் அயலூரில் எழுதப்பட்டது. கடல் கடந்தும் சாதி ஸ்ட்ரெச்சரோடு கூடவே போயிருக்கிறது.

தொடுகிற வேலை

செவிலியப் பணி என்றால் என்ன? அடுத்தவரின் ரத்தம், சீழ், மலம், மூத்திரம், வாந்தி. இவை எல்லாவற்றையும் சாதிச் சமூகம் தீட்டு என்று வகுத்துவைத்திருக்கிறது. பிரசவம் பார்த்த மருத்துவச்சியை வாசலோடு அனுப்பிவிட்டு, அவள் போன பிறகு வீட்டைக் கழுவிவிட்ட ஊர்கள் நம்முடையவை. அதனால்தான் ஆங்கில ஆட்சியில் செவிலியப் பள்ளிகள் வந்தபோது சாதி இந்துக் குடும்பங்கள் தங்கள் பெண்களை அனுப்பவில்லை. ஆங்கிலோ இந்தியப் பெண்களும் இந்தியக் கிறிஸ்தவப் பெண்களும்தான் பெருமளவில் வந்தார்கள். அந்தக் கிறிஸ்தவப் பெண்களில் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து போனவர்கள் எத்தனையோ பேர்.

1946-இல் போர் கமிட்டி அறிக்கை வெளிவந்தபோது இந்தியா முழுவதற்கும் இருந்த செவிலியர் ஏறத்தாழ 7,000 பேர். 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று கணக்கிட்டார்கள். நமக்குப் பக்கத்தில் தாம்பரம் சானடோரியம் இருக்கிறது. 1928-இல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை. காசநோய்க்குச் சரியான மருந்தே இல்லாத காலம் அது. வீட்டார்கூடத் தொடப் பயந்த நோயாளிகளைத் தொட்டுத் தூக்கியவர்கள் யார்? டாக்டரின் பெயர் நமக்குக் கிடைத்துவிடுகிறது, வார்டில் நின்றவர்களின் பெயர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

ரப்பர் தோட்டத்திலிருந்து

இப்போது நம் கதைக்கு வருகிறேன். மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு நம் ஜனங்கள் போனது ஆவடி முகாம் வழியாகவும் நாகப்பட்டினம் முகாம் வழியாகவும். கங்காணி வந்து ஆள் சேர்த்தான். முகாமில் அடைத்து, மருத்துவப் பரிசோதனை செய்து, கப்பலில் ஏற்றினார்கள். தோட்டத் தமிழர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆதிதிராவிடர் என்பது வரலாற்று ஆய்வாளர்களின் மதிப்பீடு. அங்கே போயும் லயன் வீடுகளில் அவர்களுக்குத் தனி வரிசை ஒதுக்கிய தோட்டங்கள் இருந்தன. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். காய்ச்சல் என்றால் தோட்டத்து டிரசர் கொடுக்கும் கொய்னா மாத்திரைதான்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ரப்பர் வாங்க ஆளில்லை. தோட்டங்களில் பசி. அப்போதுதான் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர். 1942 நடுவிலிருந்து 1943 அக்டோபருக்குள் முடித்தார்கள். போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர், அதில் இறந்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேர் வரை இருக்கலாம், இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள் பல பத்தாயிரம் பேர் அதில் அடக்கம். போர்க்கைதியின் சாவுக்குத் துல்லியமான எண் இருக்கிறது, தமிழ்க் கூலியின் சாவுக்கு ‘இருக்கலாம்’ மட்டும் இருக்கிறது. காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக, புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன. அவை போர்க்கைதிகளுடையவை. நம்மவர்களுக்குக் காடுதான்.

புருஷனையும் தகப்பனையும் சயாமுக்குக் கொடுத்துவிட்டுப் பெண்கள் மட்டும் எஞ்சியிருந்த லயன்களுக்கு 1943-இல் ஓர் அழைப்பு வருகிறது. சுபாஷ் சந்திர போஸ் அந்த ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்து இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்று, பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்கிறார். ஜான்சி ராணிப் படை. அதை நடத்த முன்வந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். 1940-இல் சிங்கப்பூர் போய், ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்துவந்தவர். 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. துப்பாக்கி, பயோனெட், நீண்ட நடைப்பயிற்சி. ஒரு பகுதியினருக்குச் செவிலியப் பயிற்சி. அந்தப் பிரிவுக்குச் சாந்த் பீபி செவிலியப் படை என்று பெயர், ஏறத்தாழ 200 பேர் என்று ஒரு கணக்கு உண்டு. மொத்தப் படை ஆயிரம் பேர் என்பார்கள் சிலர், ஐந்நூறைத் தாண்டாது என்பார்கள் வேறு சிலர். மொத்தம் எத்தனை பேர் என்பதே இன்னும் உறுதியாகாத படை அது. சேர்ந்தவர்களில் பெரும்பான்மையோர் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதில் மட்டும் ஆய்வாளர்களுக்குள் சண்டை இல்லை.

ஏன் சேர்ந்தார்கள்? நாட்டுப்பற்று என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். நாட்டுப்பற்று இல்லை என்று நான் சொல்லவில்லை. பார்த்தே இராத நாட்டுக்காகச் சாகத் துணிவது சின்ன விஷயமில்லை. ஆனால் முகாமில் சோறு உண்டு, துணி உண்டு, ஜப்பானியச் சிப்பாயிடமிருந்து பாதுகாப்பு உண்டு. இந்திய தேசிய ராணுவத்தில் சாதி, மதம் பார்க்காமல் ஒரே சமையல், ஒரே பந்தி. லயனில் தனி வரிசையில் இருந்தவளுக்கு அந்தப் பந்தி என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதில் ஒரு முரணும் இருக்கிறது. தகப்பனைச் சயாமில் கொன்றவன் ஜப்பானியன், மகள் சேர்ந்த படைக்கு நேச நாடும் ஜப்பான்தான். லீக்கின் மேடைகளில் சயாம் சாவுகள் எவ்வளவு பேசப்பட்டன என்ற கேள்வியை நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மேமியோவும் ரங்கூனும்

படை பர்மாவுக்குப் போனது. ரங்கூனில் முகாம், பிறகு மலை நகரமான மேமியோவில் முகாம். 1944-இல் இம்பால் போர் தோற்றது. மழைக்காலத்தில் மலைகளை விட்டு இறங்கிவந்த வீரர்களில் குண்டுபட்டவர்களைவிட மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பட்டினியும் தின்றுபோட்டவர்களே அதிகம். சண்டைக்கு என்று வந்த பெண்கள் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள். மருந்து பற்றாக்குறை, பஞ்சு பற்றாக்குறை. மேமியோ மருத்துவமனை மீதும் குண்டு விழுந்தது. 1945 பிப்ரவரியில் ரங்கூனில் இருந்த இந்திய தேசிய ராணுவ மருத்துவமனையும் குண்டுவீச்சில் அழிந்தது.

மாணவர்களே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். தோட்டத்தில் யாரைத் தொட்டால் தீட்டு என்று தனி வரிசையில் வைத்தார்களோ, அந்த வரிசைகளிலிருந்தும் பெண்கள் வந்த ஒரு படை, எல்லாச் சாதி, எல்லா மத ஆண்களின் புண்ணையும் கழுவிக் கட்டியது. அந்தப் பெண்கள் எல்லோரும் நம்மவர்கள் என்று நான் உரிமை கொண்டாட வரவில்லை. சாதி வாரியான பட்டியல் எதுவும் கிடையாது. மூன்றில் ஒரு பங்கு ஆதிதிராவிடராக இருந்த ஒரு மக்கள் கூட்டத்திலிருந்து வந்த படையில் ஆதிதிராவிடப் பெண் ஒருத்தியின் பெயர்கூட நமக்குத் தெரியாமல் இருப்பது எப்படி என்றுதான் கேட்கிறேன்.

1945 ஏப்ரல் 24 அன்று போஸ் ரங்கூனை விட்டுப் புறப்பட்டபோது எஞ்சியிருந்த ராணிப் படைப் பெண்களும் கூடவே போனார்கள். பகலில் விமானத் தாக்குதல், அதனால் இரவில் நடை. ஆறுகளைக் கடந்து பாங்காக் போய்ச் சேர ஏறத்தாழ மூன்று வாரம். பின்வாங்கிய குழுக்களில் ஒன்று போன ரயில் தாக்கப்பட்டு ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு பெண்கள் செத்தார்கள். பர்மாவிலிருந்து தாய்லாந்துக்கு அன்று இருந்த ஒரே ரயில் பாதை எது தெரியுமா? சயாம் மரண ரயில் பாதைதான். தகப்பன்மார்கள் செத்து விழுந்து போட்ட தண்டவாளத்தின் மேல்தான் மகள்கள் வீடு திரும்பினார்கள்.

எங்கே தொலைந்தார்கள்?

படையில் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் யார் யார்? டாக்டர் லட்சுமி. கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்து, படையின் அதிகாரியாகி, பிறகு மலாயா இந்தியக் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜானகி. 16 வயதில் தமக்கையோடு சேர்ந்த யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் ராசம்மா. மூவரும் மதிப்புக்குரியவர்கள். டாக்டர் லட்சுமி தொண்ணூறு வயதைத் தாண்டியும் கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். அவர்களுடைய பெயரை அழித்து நம் பெயரை எழுத வேண்டியதில்லை, பக்கத்தில் இடம் நிறைய இருக்கிறது. மூவருமே படித்தவர்கள், பேட்டி கொடுத்தவர்கள், அவர்களைத் தேடி ஆய்வாளர்கள் போனார்கள்.

தோட்டத்துப் பெண் தொலைந்தது படிப்படியாக. முதல் படி, எழுத்து. அவளுடைய பெயரை வேறொருவர் எழுதினார். முனியம்மா, மாரியம்மா, ராக்கம்மா என்று ஒற்றைப் பெயர். ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தால் எந்த முனியம்மா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டாவது படி, எதிரியின் ஆவணம். பிடிபட்ட இந்திய தேசிய ராணுவ ஆண்களைப் பிரிட்டிஷார் விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று வகை பிரித்தார்கள். அந்த விசாரணைக் கோப்புகள்தான் இன்று வரலாறு எழுத உதவுகின்றன. தோட்டத்துப் பெண்களை விசாரிக்கிற அளவுக்குக்கூட அவர்கள் பொருட்படுத்தவில்லை. வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள். அவளும் போய் மறுபடி பால்மரம் வெட்டினாள்.

மூன்றாவது படி, சுதந்திர இந்தியா. 1972-இல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு மத்திய அரசு ஓய்வூதியம் கொண்டுவந்தது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் குறைந்தபட்ச சிறைக்காலத்தை ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைத்தார்கள். நல்ல சலுகைதான். ஆனால் சான்றுக்கு முக்கிய அடிப்படை சிறைவாசமோ காவலோதான். ஆஸ்பத்திரியில் நின்று புண் கழுவியதற்குச் சிறைச் சான்றிதழ் எங்கிருந்து வரும்?

இதில் நம் இயக்கமும் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1942 ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். நாஜிகளும் ஜப்பானும் வென்றால் என்ன ஆகும் என்ற தெளிவு அவருக்கு இருந்தது. அதே மாதம் நாக்பூரில் பட்டியல் சாதிக் கூட்டமைப்பு உருவானபோது அதன் தலைவரானவர் நம் சென்னையின் என். சிவராஜ். 1941-இல் மகர் ரெஜிமெண்ட் மீண்டும் அமைக்கப்பட்டது. ஆக, நம் அரசியல் போரின் இந்தப் பக்கம் நின்றபோது, நம் தோட்டத்துப் பெண்கள் அந்தப் பக்கம் நின்றார்கள். அதனாலேயே அவர்களை நாமும் தேடாமல் இருந்துவிட்டோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தேசியவாதிகளுக்கு அவர்கள் கூட்டத்தில் ஒருத்தி, நமக்கு அவர்கள் நம் பாதையில் வராதவர்கள். இரண்டு வீட்டுப் பதிவேட்டிலும் பெயர் இல்லாமல் போய்விட்டது.

இன்று

பழங்கதை பேசிவிட்டுக் கலைந்துபோக நாம் இங்கே கூடவில்லை. கொரோனா காலத்தில் அரசாங்கங்கள் எல்லாம் அதைப் போர் என்றன. செவிலியரை முன்களப் போராளிகள் என்றன. தமிழ்நாட்டில் அந்த நேரத்தில் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்ட செவிலியரில் 2,400-க்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது என்று சொல்லப்பட்டது. அதற்கு முன்பே, 2015-இல் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர், 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராடியதை உங்களில் சிலர் நேரில் பார்த்திருப்பீர்கள்.

108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008-இல் வந்தது. 2020-இல் தேனி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண் அதன் ஓட்டுநராகப் பணியமர்த்தப்பட்டபோது நாளிதழ்கள் படம் போட்டன. மகிழ்ச்சி. ஆனால் அந்த வண்டிக்குள் ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போன ஆயாக்களையும், பிணவறைக்குத் தள்ளுவண்டி தள்ளியவர்களையும், வண்டியைக் கழுவிவிட்டவர்களையும் யார் படம் எடுத்தார்கள்? அவர்களில் பெரும்பாலோர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று இந்த அரங்கில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிரந்தரப் பணியாளருக்குப் பணிப்பதிவேடு உண்டு. ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்ப்பவருக்குப் பல இடங்களில் ஒரு வருகைத் தாள்தான். ஒப்பந்தக்காரர் மாறினால் அந்தத் தாளும் போய்விடும். முனியம்மா தொலைந்த அதே வழியில் இன்றைக்கும் ஆட்கள் தொலைந்துகொண்டிருக்கிறார்கள்.

மாணவர்களுக்கு மூன்று வேலை சொல்கிறேன்.

ஒன்று, இருக்கிற ஆவணத்தைப் போய்ப் படியுங்கள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளில் பல இணையத்தில் கிடைக்கின்றன. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் ஜப்பானிய ஆட்சிக்காலம் பற்றிய பேட்டிகள் ஏராளம். படிக்கும்போது, யார் பெயரோடு வருகிறார், யார் வெறும் எண்ணாக வருகிறார் என்று இரண்டு பத்தி போட்டுக் குறித்துக்கொண்டே போங்கள்.

இரண்டு, மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போய்த் திரும்பிய குடும்பங்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றன. பாட்டியின் தகரப் பெட்டியில் ஒரு கப்பல் சீட்டோ, ஒரு பழைய படமோ, ஒரு பித்தளைப் பொத்தானோ இருக்கலாம். அதைப் பிடுங்கிக்கொண்டு வராதீர்கள். கைபேசியில் படமெடுத்து, அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதிக்கொண்டு, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுங்கள்.

மூன்று, இன்று வேலையில் இருக்கும் பெண்களின் பதிவேட்டை நாமே தொடங்குவோம். செஞ்சிலுவை அட்டையில் இருந்த பத்திகள் மோசமில்லை. பெயர், ஊர், சேர்ந்த நாள், என்ன வேலை, எத்தனை மணி நேரம். நாம் இன்னும் மூன்று சேர்ப்போம். காகிதத்தில் எழுதியிருந்த வேலை என்ன, உண்மையில் செய்த வேலை என்ன, அதற்கு என்ன கூலி. வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர்களின் பெயரை அவர்கள் சொல்கிற நாள் வரை மூடிவைப்போம். எப்போது வெளியிடுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

முதல் தாள் தயாராகிவிட்டது. போன மாதம் அக்காவோடு வேலை பார்த்த ஐந்து பெண்கள் இந்த நூலகத்தில் உட்கார்ந்து, அவர் செய்த வேலைகளைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான்கு பக்கம் வந்தது. எழுதி முடித்ததும் அவர்களில் ஒருவர், ‘அந்த எச்சரிக்கை வாங்கின நாளையும் எழுதிக்கோம்மா’ என்றார். முந்தின ராத்திரி ஆள் இல்லாததால் அக்கா ஷிஃப்ட் முடிந்தும் நள்ளிரவு தாண்டி வார்டில் இருந்திருக்கிறார். அதற்குத்தான் மறுநாள் ஒரு மணி நேரத் தாமதம். அதையும் எழுதிச் சேர்த்துவிட்டேன். அந்த நான்கு பக்கமும் அவருடைய பணிப்பதிவேட்டின் நகலோடு சேர்த்துக் கட்டி, நூலகத்தில் வெளியே மேசை மேல் வைக்கப்பட்டிருக்கிறது. போகும்போது பாருங்கள். உங்களுக்கும் அவரைப் பற்றித் தெரிந்திருந்தால் எழுதிவிட்டுப் போங்கள், பின்னால் வெள்ளைத் தாள் வைத்திருக்கிறோம்.